பட்டறையில் வாய் திறக்காத பெஞ்சு

ஆடுகளத்தில் வைத்தால் பெஞ்சு குசு விட்டது. பட்டறைக்குக் கொண்டுவந்தால் விடவில்லை. டெஸ்பினாவைப் படுத்தி எடுத்த சிக்கல் இவ்வளவுதான்.

சிரிக்கிற விஷயம்தான். மெல்போர்ன் நகரில் பாதிப் பேர் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். பெரிய டென்னிஸ் போட்டிக்கு முன்னால் நடக்கிற தகுதிச் சுற்று அது. ஏழாம் ஆடுகளம், மண்டையைப் பிளக்கும் மதிய வெயில். பனைமரம் போல உயர்ந்த ஒரு ஆட்டக்காரர் வியர்வை சொட்டச் சொட்ட வந்து, நடுவர் நாற்காலிக்கு வலப்பக்கம் இருந்த புதுப் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார்.

புர்ர்ர்ர்ர்.

நடுவர் லிண்டலின் மைக் திறந்திருந்தது. சத்தம் எட்டு ஒலிபெருக்கிகளிலும் வந்தது. கூட்டம் சிரிப்பில் வெடித்தது. ஆட்டக்காரர் துள்ளி எழுந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார், நான் இல்லை என்று. நிரூபித்தே தீருவேன் என்று மறுபடி உட்கார்ந்தார். பெஞ்சும் மறுபடி விட்டது. முப்பது வருஷமாக எந்த ஆட்டக்காரரின் வசவுக்கும் முகம் மாறாத லிண்டல், மைக்கைப் பிடித்து, "அமைதி, ப்ளீஸ்," என்றாள். ஒரு மூச்சு விட்டு, "எல்லாருமே," என்று சேர்த்துக்கொண்டாள்.

இந்தக் காட்சி சாயங்காலத்துக்குள் ஊரிலுள்ள எல்லாக் கைப்பேசிகளிலும் ஏறிவிட்டது.

பெஞ்சை வடிவமைத்தவள் டெஸ்பினா. ப்ரெஸ்டன் பக்கம் ஒரு பழைய பிஸ்கட் தொழிற்சாலைக் கூடத்தில் அவளுடைய பட்டறை இருந்தது. பெரிய அரங்குகளுக்கான பெஞ்சுகள் எல்லாம் செய்து முடிந்து, போர்வை போர்த்திக்கொண்டு அங்கே வரிசையாக நின்றன. ஒன்றை மட்டும் சோதனைக்காக ஏழாம் ஆடுகளத்தில் போட்டிருந்தார்கள். அந்த ஒன்றுதான் மானத்தை வாங்கியது.

ஆடுகளத்துப் பெஞ்சு என்றால் ஏதோ உட்காரும் பலகை என்று நினைத்துவிடக் கூடாது. ஆட்டக்காரர்கள் முதல் கேம் முடிந்ததும் பக்கம் மாறுவார்கள், உட்காரமாட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு கேமுக்கு ஒருமுறை வந்து, ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேலாக உட்காருவார்கள். அந்த நேரத்துக்குள் மூச்சு அடங்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், ஐஸ் சுற்றிய துண்டைக் கழுத்தில் போட வேண்டும். பெஞ்சு தாழ்வாக இருந்தால் களைத்த தொடை எழும்போது பிடித்துக்கொள்ளும். உயரமாக இருந்தால் பின்னால் இருக்கும் கேமராவை மறைக்கும். கால் கூராக இருந்தால் வெயிலில் இளகிய தரையில் பள்ளம் விழும். மூலை கூராக இருந்தால் பை மாட்டிக்கொள்ளும். இவை எல்லாவற்றையும் டெஸ்பினா ஒரு வருஷம் இழைத்து இழைத்துச் சரிசெய்திருந்தாள்.

அவள் பெருமைப்பட்டது மெத்தையைப் பற்றித்தான். போன வருஷம் அடித்து ஓய்ந்த டென்னிஸ் பந்துகளை அரைத்துத் தூளாக்கி, அந்த ரப்பர்த் தூளை அடைத்துச் செய்த மெத்தை. வியர்வை உள்ளே இறங்கி நாறக்கூடாது என்பதற்காக மேலே காற்றுப் புகாத உறை. காற்றுப் புகாத உறை என்றால் உள்ளே இருக்கும் காற்றுக்கு ஒரு வழி வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் உட்காரும்போது மெத்தை அமுங்காது, ஊதின பலூன் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதனால் அடிப்பலகையில் ஒரு சின்னப் பிளவு வைத்தாள். உட்கார்ந்தால் காற்று அதன் வழியாக வெளியே போகும். எழுந்தால் உள்ளே வரும். தரையோடு தரையாக வைக்கும் கேமராவில் அந்தப் பிளவு அசிங்கமாகத் தெரியக்கூடாது என்று, வழவழப்பான ஒரு வட்டப் பள்ளம் குடைந்து, அதன் நடுவில் பிளவை ஒளித்துவைத்திருந்தாள். பிஸ்கட் அளவு வட்டம். பார்க்க அவ்வளவு அழகு.

சத்தம் வந்த அன்று மாலையே பெஞ்சை வண்டியில் போட்டுப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். டெஸ்பினா உட்கார்ந்தாள். ஸ்ஸ்ஸ் என்று ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான்.

அவளோடு வேலை செய்யும் ட்ராங் உட்கார்ந்து பார்த்தாள். மெத்தைக்கு உறை தைப்பவள் ட்ராங், நாக்கும் ஊசிதான்.

"எங்கிட்ட மரியாதையா நடந்துக்குதே," என்றாள் ட்ராங். "ஆள் பாத்து விடுது போல."

"சிரிக்காதடி. ஒடம்பத் தூக்கிப் போட்டு உக்காரு."

ட்ராங் எம்பிக் குதித்து உட்கார்ந்தாள். ஸ்ஸ்ஸ்.

"எடை பத்தலயோ?" என்றாள் டெஸ்பினா.

பக்கத்துக் கூடத்தில் டயர் விற்கும் மலை மாதிரி மனிதரைக் கூப்பிட்டு வந்தார்கள். அவர் கறி அடைத்துச் சுட்ட மீட் பை ஒன்றைக் கையில் வைத்துத் தின்றுகொண்டே உட்கார்ந்தார். ஸ்ஸ்ஸ். இன்னொரு தரம் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார். "நல்லாத்தான இருக்கு, எனக்கொண்ணு செஞ்சு குடுங்களேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெஞ்சு மறுநாள் காலை ஆடுகளத்துக்குத் திரும்பியது. அன்று மதியம் மறுபடி சத்தம். மாலையில் மறுபடி பட்டறை. மறுபடி மௌனம்.

பட்டறைச் சுவரில் ட்ராங் சாக்பீஸால் பந்தயம் எழுதிவிட்டாள். காரணத்தைச் சரியாகச் சொல்பவருக்குத் தோற்றவர்கள் ஒரு பெட்டி பீர் வாங்கித் தர வேண்டும். இந்த ஊரில் தப்புக்கும் பீர்தான், வெற்றிக்கும் பீர்தான். டெஸ்பினா 'வெயில்' என்று எழுதினாள். ட்ராங் 'ஈரம்' என்று எழுதினாள். டயர்க்காரர் வந்து 'பேய்' என்று எழுதிவிட்டுப் போனார்.

வெயிலுக்காக மூன்று பெரிய விளக்குகளை மெத்தைக்கு மேல் எரியவிட்டார்கள். கை வைக்க முடியாத சூடு. ட்ராங் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஸ்ஸ்ஸ். ஈரத்துக்காக ஒரு வாளி ஐஸ் தண்ணீரைக் கவிழ்த்தார்கள். டெஸ்பினா நனைந்த கால்சட்டையோடு உட்கார்ந்தாள், எழுந்தாள், உட்கார்ந்தாள். ஸ்ஸ்ஸ், ஸ்ஸ்ஸ்.

"இன்னொண்ணு பாத்தியா?" என்றாள் ட்ராங், பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டு. "நீலகிரித் தைல வாசனை வருது. நேத்தும் வந்துச்சு. வயித்துக்கு மருந்து தடவி அனுப்புறாங்க போல."

"அங்க துப்புரவு பண்றவங்க எதயாவது தொடச்சிருப்பாங்க. விடு."

"சரி, இதக் கேளு. ஆட்டக்காரங்க எழுதிக் குடுத்தது வந்திருக்கு. மத்தியானம் ஆடினவங்க எல்லாம் சத்தம்னு சொல்றாங்க. காலைல ஆடின பொண்ணு சத்தமே இல்லயாம், ஆனா பெஞ்சு கல்லு மாதிரி இருந்துச்சாம்."

"கல்லு மாதிரியா? இந்த மெத்தையா?"

"அவ ஆட்டத்துல தோத்திருக்கா. தோத்தவங்களுக்குப் பஞ்சணையும் கல்லுதான்."

இரண்டு பேரும் சிரித்து அதை மறந்துவிட்டார்கள். மறந்திருக்கக் கூடாது.

கைப்பேசி அடித்தது. ஆடுகளச் சாமான்கள் அத்தனைக்கும் பொறுப்பான க்வென்டின். சிரிப்பதற்கும் முன் அனுமதி வாங்கும் ஆள்.

"டெஸ்பினா, உங்க பெஞ்சு எனக்கும் பிடிச்சுதான் இருந்துச்சு. ஆனா இறுதி ஆட்டத்துல, உலகமே பாத்துக்கிட்டு இருக்கும்போது, கோப்பைக்கு ஒரு புள்ளி பாக்கி இருக்கும்போது அது... அதப் பண்ணிச்சுன்னா?"

"பண்ணாது."

"எதனால பண்ணுதுன்னு தெரியுமா?"

டெஸ்பினா சுவரில் எழுதியிருந்த வெயில், ஈரம், பேய் மூன்றையும் ஒருமுறை படித்துப் பார்த்தாள்.

"நாளைக்கு மத்தியானம் ஏழாம் ஆடுகளத்துக்கு வரேன். காரணத்தக் காட்டுங்க. இல்லேன்னா போன வருஷத்துப் பிளாஸ்டிக் நாற்காலிய எடுத்துப் போடச் சொல்லிடுவேன். மன்னிச்சுக்குங்க."

அவர் வைத்ததும் ட்ராங் சொன்னாள்: "பிளாஸ்டிக் நாற்காலிகூடப் பரவால்ல. இந்த ஊர்ல பட்டப்பேர் வெச்சா சாகுற வரைக்கும் ஒட்டிக்கும். உனக்கு என்ன பேர் வெப்பாங்கன்னு யோசிச்சுப் பாத்தியா?"

டெஸ்பினா யோசித்துப் பார்த்திருந்தாள். அதனால்தான் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை, பின்னால் திறந்த தட்டு வைத்த தன் யூட் வண்டியை அவளே ஓட்டிப் போனாள். இதுவரை பெஞ்சை எடுத்துப் போனதும் கொண்டுவந்ததும் வாடகை வண்டிக்காரர்கள். பெஞ்சு என் இடத்தில் பாடாது என்றால், அதன் இடத்துக்கு நான் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள். பின்தட்டில் பெஞ்சு, பக்கத்தில் ட்ராங், நடுவில் ட்ராங் வாங்கிவந்த பன்றிக்கறி ரொட்டி.

யாரா என்ற ஆற்றின் கரையோரம், ஆடுகள வளாகத்துக்குள் பொருள்கள் போகும் வாசல். அங்கே காவல் மின்னல். உண்மையான பெயர் டார்சி. அவரைவிட மெதுவாக நடக்கிற மனிதர் விக்டோரியா மாகாணத்தில் இல்லை, அதனால்தான் மின்னல். சிவப்பு முடிக்காரனை நீலம் என்று கூப்பிடுகிற ஊர் இது.

"வா கண்ணு," என்றார் மின்னல். "குசு பெஞ்சா? நான் அந்த வீடியோவ பதினாலு தடவ பாத்துட்டேன்."

"பதினஞ்சாவது தடவ பாக்கும்போது என்னையும் நெனச்சுக்குங்க."

மின்னல் மெதுவாக ஒரு சுருளை எடுத்தார். அதிலிருந்து வட்டமான சீட்டு ஒன்றை உரித்தார். கோடு கோடாக அச்சிட்ட ஒட்டுச் சீட்டு. இந்த வாசலுக்குள் போகிற எந்தச் சாமானுக்கும் அது கட்டாயம். குப்பைத் தொட்டிக்குக்கூட உண்டு. வெளியே வரும்போது உரித்துவிடுவார். அப்படி உரித்ததையெல்லாம் தன் ஐஸ் பெட்டியின் மூடியில் ஒட்டிவைத்திருந்தார்; மூடி மீன் செதில் போல மின்னியது. குனிந்து பெஞ்சுக்கு அடியில் கையை விட்டுச் சீட்டை ஒட்டி, கட்டைவிரலால் நாலாபக்கமும் அழுத்தினார்.

"போ. ஆனா முன்னாடி ஐஸ் லாரி நிக்குது. கொஞ்ச நேரம் ஆகும்."

கொஞ்ச நேரம் என்று மின்னல் சொன்னால் ரொட்டி தின்று முடித்துவிடலாம். இரண்டு பெண்களும் பின்தட்டில் ஏறினார்கள். வண்டியின் இரும்புத் தட்டு வெயிலில் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. உட்கார வேறு இடம் இல்லை. டெஸ்பினா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தவள் நெளிந்தாள்.

"ட்ராங். இது கல்லு மாதிரி இருக்கு."

"நீ எந்த ஆட்டத்துல தோத்த?"

"விளையாட்டு இல்லடி. அமுங்கவே மாட்டேங்குது. நீ உக்காந்து பாரு."

ட்ராங் உட்கார்ந்தாள். முகம் மாறியது. இரண்டு பேரும் ரொட்டியைக் கடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். கீழே இரும்பின் அனல் பெஞ்சின் அடிவயிற்றுக்கு ஏறிக்கொண்டிருந்தது. ரொட்டி தீர்ந்தது. காகிதத்தைக் கசக்கிப் போட ட்ராங் எழுந்து, திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

புர்ர்ர்ர்ர்.

ஐஸ் லாரிக்காரன் தலையை வெளியே நீட்டிப் பார்த்தான்.

"நான் இல்ல!" என்றாள் ட்ராங்.

"அசையாத!" டெஸ்பினா தட்டிலிருந்து குதித்துவிட்டாள். "பட்டறைலேருந்து ஏத்தும்போது உக்காந்து பாத்தோமா?"

"பாத்தோம். பெருமூச்சுதான் விட்டுச்சு."

"அதுக்கப்பறம் இதுக்கு என்ன ஆச்சு? ஒரே ஒரு விஷயம்தான ஆச்சு?"

இரண்டு பேரும் மெதுவாகத் திரும்பி மின்னலின் ஐஸ் பெட்டியைப் பார்த்தார்கள். அதன் மூடியில், செதில்களுக்கு நடுவே, ஒரு பாட்டில் நீலகிரித் தைலம் நின்றுகொண்டிருந்தது.

டெஸ்பினா தரையில் மல்லாந்து படுத்து, தட்டின் விளிம்புக்கு இழுத்த பெஞ்சின் அடியைப் பார்த்தாள். அவள் குடைந்த வட்டப் பள்ளத்துக்குள், அச்சாகப் பொருந்தி, மின்னலின் வட்டச் சீட்டு. கீழே இறங்கின ட்ராங் இரண்டு கைகளாலும் மெத்தையை அழுத்தினாள். சீட்டின் ஒரு ஓரம் உதடு போலத் துடித்தது. புர்ர்ர்.

பலூனின் வாயை இழுத்துப் பிடித்துக் காற்றை விட்டிருப்பீர்கள். அதே கதைதான். உள்ளே அமுங்கிய காற்று சீட்டின் ஓரத்தைத் தள்ளித் திறக்கிறது. காற்று பாய்ந்ததும் உள்ளே அழுத்தம் குறைகிறது. பாய்கிற வேகமே ஓரத்தை இழுத்து மூடுகிறது. மூடியதும் அழுத்தம் ஏறுகிறது, மறுபடி திறக்கிறது. நொடிக்கு நூறு தடவை இந்தத் திறப்பும் மூடலும் நடந்தால் அதற்குப் பெயர் சத்தம். நாகஸ்வரத்துச் சீவாளி செய்வதும் இந்த வேலையைத்தான். அங்கே ராகம், இங்கே இது. காலை நேரத்தில் பசை கெட்டியாகப் பிடித்திருக்கும்; காற்றுக்கு வழியே இல்லை, அதனால் மெத்தை கல். மதியம் தரையின் அனல் ஏறிப் பசை இளகும். ஓரம் விடுபடும், பெஞ்சு பாடும். மாலையில் வாசலைத் தாண்டும்போது மின்னல் சீட்டை உரித்து, பிசுக்கைத் தைலம் போட்டுத் துடைத்துவிடுவார். பட்டறைக்கு வந்து சேர்வது குளித்து முழுகிய அப்பாவிப் பெஞ்சு.

"மின்னலு," என்றாள் டெஸ்பினா, படுத்தபடியே. "சீட்ட எதுக்கு இங்க ஒட்டுனீங்க?"

மின்னல் நிதானமாகக் குனிந்து பார்த்தார்.

"பின்ன, எனக்குன்னுதான இடம் பண்ணி வெச்சிருக்க? வட்டமா, வழவழன்னு, அளவெடுத்த மாதிரி. இருபது வருஷமா இந்த வாசல்ல நிக்கிறேன். ஒட்டறதுக்கு இடமே இல்லாத சாமானா செஞ்சு அனுப்புவானுங்க. மொத தடவையா ஒருத்தி நம்மள நெனச்சுப் பாத்திருக்கான்னு வீட்டுல போய்ச் சொன்னேன்."

டெஸ்பினா அவரைத் திட்டத்தான் வாய் திறந்தாள். திட்டுவதற்கு என்ன இருக்கிறது? வட்டச் சீட்டை வைத்துக்கொண்டிருக்கும் கையிடம் வட்டப் பள்ளத்தைக் காட்டினால் அது வேறெங்கே ஒட்டும்?

"பேய்னு எழுதினவரு தோத்துட்டாரு," என்றாள் ட்ராங். "நீயும் தோத்த, நானும் தோத்தேன். பீர் யாருக்கு?"

"மின்னலுக்கு."

"எதுக்குன்னு தெரியல, ஆனா வேண்டாம்னு சொல்ல மாட்டேன்," என்றார் மின்னல்.

மதியம் ஏழாம் ஆடுகளத்துக்கு க்வென்டின் வந்தபோது, பெஞ்சு தன் இடத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அடுத்த ஆட்டத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. நாற்காலி மேல் லிண்டல் மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து ஆடுகளத்தில் இரண்டு பேர் பயிற்சி செய்தார்கள். டெஸ்பினா லிண்டலைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். லிண்டல் முகம் மாறாமல் மைக்கைக் கொஞ்சம் கீழே வளைத்தாள்.

"காரணம் தெரிஞ்சுதா?" என்றார் க்வென்டின்.

"சொல்றேன். வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல உக்காருங்களேன்."

அவர் கோட்டின் பின்பக்கத்தை ஒதுக்கி, மரியாதையாக உட்கார்ந்தார்.

எட்டு ஒலிபெருக்கிகளும் முழங்கின. பக்கத்து ஆடுகளத்தில் பந்து தவறியது. எங்கிருந்தோ ஒரு குரல், "நல்லா இருக்கீங்களா நண்பரே?" என்று விசாரித்தது.

"அமைதி, ப்ளீஸ்," என்றாள் லிண்டல்.

க்வென்டினின் முகம் காது மடல்வரை சிவந்துவிட்டது. எழுந்து நின்றார். டெஸ்பினா பெஞ்சுக்கு அடியில் கையை விட்டுச் சீட்டை உரித்து, அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இப்ப உக்காருங்க."

தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். ஸ்ஸ்ஸ். மெத்தை அவரை அன்போடு வாங்கிக்கொண்டது.

அவர் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். சீட்டைப் பழைய இடத்தில் ஒட்டி, தானே மறுபடி உட்கார்ந்தார். புர்ர்ர். உரித்தார். ஸ்ஸ்ஸ். மூன்றாவது தடவை ஒட்டும்போது அந்த முகத்தில் பள்ளிக்கூடப் பையனின் களை வந்திருந்தது.

"போதும் க்வென்டின்," என்றாள் ட்ராங். "பழக்கமாயிடும்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்ப வாசல்ல இருக்கவரு தப்பு. இனிமே பெஞ்சு அடியில ஒட்டக்கூடாதுன்னு உத்தரவு போட்டுடறேன்."

"போடாதீங்க. உத்தரவ மறந்துடுவாங்க. மின்னல் லீவு போட்டா அந்த எடத்துல வேற ஆளு நிப்பாரு. அந்தப் பள்ளத்தப் பாத்தா யார் கையும் அங்கதான் போகும். அது நான் பண்ணின தப்பு, நானே சரி பண்றேன். காத்துக்கு ஒரு எடம், சீட்டுக்கு வேற எடம்னு பிரிச்சுடறேன். ராத்திரிக்குள்ள எல்லாப் பெஞ்சும் தயாராயிடும்."

"ரெண்டுமே அழகா இருக்கணும்," என்றார் க்வென்டின், பழைய குரலுக்குத் திரும்பி.

"ஒண்ணு அழகா இருக்கும். இன்னொண்ணு வேணும்னே அசிங்கமா இருக்கும்."

சொன்னபடியே செய்தாள். வழவழப்பான வட்டப் பள்ளத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பலாத்தோல் போல முள்முள்ளாக மேடிட்ட ஒரு மூடியைப் பொருத்தி, முட்களுக்கு நடுவே நாற்பது சின்னத் துளைகள் போட்டாள். அதில் எந்தச் சீட்டும் ஒட்டாது, ஒட்டினாலும் எல்லாத் துளைகளையும் அடைக்காது. வட்டப் பள்ளத்தைப் பெஞ்சுக் காலின் உட்பக்கத்தில், வண்டித்தட்டில் நிற்கும்போது குனியாமல் கை எட்டும் உயரத்தில், வழவழவென்று, மின்னலின் சீட்டுக்கு அளவெடுத்துக் குடைந்தாள்.